குப்பை டைரி

எங்கள் வீட்டுக் குப்பை ஒரு முறை மேடையேறிப் பரிசு வாங்கியது. சிரிக்காதீர்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் பாட்டிலும் நடனத்திலும் பரிசு வாங்கிக்கொண்டிருந்தபோது, வெங்காயத் தோலாலும் தேங்காய்ச் சிரட்டையாலும் பெயர் வாங்கியவள் நான். அதில் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

அப்போது எனக்கு ஆறாம் வகுப்பு. ஹைதராபாத்தில், திருமுல்கேரியில், ஒரு மூன்று மாடிக் கட்டிடத்தில் முதல் மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு சனத்நகரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர் வேலை. அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். அண்ணனும் நானும் இங்கேயே பிறந்தவர்கள் என்பதால் அம்மா தமிழில் திட்டுவாள், நாங்கள் ஹிந்தியில் பதில் சொல்லுவோம். எதிர்வீட்டில் ஸ்ரவந்தி. என் வகுப்புதான். எந்தப் பரீட்சை வைத்தாலும் அவள் முதல், நான் இரண்டாவது அல்லது மூன்றாவது. அம்மா அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. ரேங்க் கார்டைப் பார்த்துப் பெருமூச்சு மட்டும் விடுவாள், அது போதாதா.

அந்த வருடம் பள்ளிக்கு ஒரு பச்சைப் பெட்டி வந்தது. சுற்றுச்சூழல் பாடம் நடத்துவதற்கான சாமான்கள் அதில் இருந்தன. படங்கள், பூதக்கண்ணாடிகள், இலைகளை அடையாளம் காணும் அட்டைகள், கொக்கி போட்ட சின்னச் சின்ன ஸ்பிரிங் தராசுகள், ஆளுக்கொன்றாகக் கொடுக்க ஒரு கட்டு குப்பை டைரி. அந்த மாதிரிப் பெட்டிகள் வழக்கமாக ஸ்டாஃப் ரூம் பீரோவுக்குள் போய், இன்ஸ்பெக்ஷன் அன்று மட்டும் வெளியே வந்து, புத்தம் புதிதாகத் திரும்பப் போய்விடும். புதிதாகச் சேர்ந்த சயின்ஸ் மிஸ்ஸுக்கு அந்த வழக்கம் தெரியவில்லை போலிருக்கிறது. பெட்டியை வகுப்புக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

திங்கள் முதல் ஞாயிறு வரை தினமும் வீட்டுக் குப்பையை எடை போட்டு டைரியில் எழுத வேண்டும். தராசுகள் குறைவு என்பதால் வாரத்துக்குப் பத்துப் பேர். இது போட்டி இல்லை, கவனித்து எழுதினால் போதும் என்று மிஸ் மூன்று தடவை சொன்னார். ஆனால் பிரின்சிபால் அசெம்பிளியில் மைக்கைப் பிடித்து, சிறந்த டைரிக்கு ஆண்டு விழா மேடையில் சான்றிதழ் உண்டு என்று அறிவித்துவிட்டார். அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் கட்டிடத்தில் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது.

ஸ்ரவந்திக்கு முதல் வாரமே தராசு கிடைத்தது. தினமும் நானூறு கிராமுக்கு மேல் போகவில்லை என்று அவள் அம்மா மாடிப்படியில் நின்று எல்லாரிடமும் சொன்னார். எனக்குக் கடைசி வாரம். ஒரு தடவையாவது, அட குப்பையிலாவது, ஸ்ரவந்தியை ஜெயித்துவிட வேண்டும் என்று நான் துடித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அப்பா கொக்கியில் குப்பைக் கவரை மாட்டித் தூக்கினார். ஸ்பிரிங் சர்ரென்று கீழே இறங்கியது. இரண்டே கால் கிலோ.

அம்மா வெலவெலத்துப் போனாள். "ஏட்டி, நம்ம வீட்டுலயா இம்புட்டு குப்பை? தராசு கெட்டுப் போயிருக்கும், நல்லாப் பாருங்க."

தராசு நன்றாகத்தான் இருந்தது. தேங்காய்தான் எங்களைக் கவிழ்த்தது. குழம்புக்கு அரைத்து, கூட்டுக்கு அரைத்து, பொரியலுக்குத் துருவி, இட்லிக்குச் சட்னி வைத்து, அம்மா ஒரு நாளைக்கு எத்தனை மூடி உடைப்பாள் என்பதை அன்றுதான் நாங்களே பார்த்தோம். தேங்காயைக் குறைக்கலாமே என்று அப்பா மெல்ல ஆரம்பித்தார். அம்மா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

பிறகு இருவரும் அடுப்படியில் என்னவோ குசுகுசுத்தார்கள். மறுபடி எடை போட்டபோது முந்நூற்றைம்பது கிராம் காட்டியது. நான் பேனாவால் எழுதினேன். செவ்வாய் முந்நூறு. புதன் முந்நூற்றுச் சொச்சம். ஆனந்தத்தில் எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

மீதிக் குப்பை எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். அப்பாவின் ஸ்கூட்டரில் முன்பக்கம் ஒரு கொக்கி இருந்தது. வழக்கமாக அதில் சாப்பாட்டுப் பை தொங்கும். அந்த வாரம் அதன் பக்கத்தில் இன்னொரு பையும் தொங்கியது. சனத்நகர் போகும் வழியில் ஒரு குப்பைத் தொட்டி, அதில் போட்டுவிட்டுப் போய்விடுவார். அண்ணன் இதைக் கண்டுபிடித்து, "டாடி, யே சீட்டிங் ஹை" என்றான். அப்பாவிடம் பதில் தயாராக இருந்தது. "டைரில என்ன போட்டிருக்கு? நம்ம தெருக் குப்பை வண்டிக்குப் போறதைத்தான் எழுதணும்னு போட்டிருக்கு. இது சனத்நகருக்குல்லா போகுது."

வியாழக்கிழமை மதியம் அப்பா கான்டீனில் நாலு பேருக்கு நடுவே உட்கார்ந்து பையைத் திறந்திருக்கிறார். உள்ளே இரண்டு சிரட்டை, பாகற்காய்க் குடல், முந்தின நாள் காப்பித் தூள். சாப்பாட்டுப் பையைத் தன் கையாலேயே தொட்டியில் போட்டுவிட்டு, குப்பையைப் பத்திரமாகத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஓடிப் போய்ப் பார்த்தால் தொட்டி காலி.

போனது வெறும் சோறு என்றால் பரவாயில்லை. போனது அம்மாவுக்குக் கல்யாணத்தில் கொடுத்த எவர்சில்வர் டிபன் கேரியர். மூன்று அடுக்கிலும் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும். அப்பா பசியோடும் பயத்தோடும் வாசலில் நின்று சொன்னார். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு ஆரம்பித்தாள். "குப்பையையும் சோத்துப் பையையும் சேத்து மாட்டிட்டுப் போற மனுசன் உலகத்துல உண்டா? இன்ஜினியராம் இன்ஜினியரு!"

அதே நேரத்தில் நான் இன்னொரு இடியை வைத்துக்கொண்டு மூலையில் நின்றிருந்தேன். டைரி நன்றாக எழுதுகிற மூன்று பேர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மிஸ்ஸே வந்து எடை போடப் போகிறார், அதில் எங்கள் வீடும் ஒன்று. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். எல்லார் முன்னாலும் மிஸ் என்னைத் திருடி என்று சொல்லிவிடுவார், ஸ்ரவந்தி சிரிப்பாள், நான் பள்ளிக்கே போக மாட்டேன் என்று ஏங்கி ஏங்கி அழுதேன்.

அம்மா என் கையிலிருந்த டைரியைப் பிடுங்கினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். முழுக்க ஆங்கிலம். அம்மா ஆங்கிலம் படித்து அதுவரை நான் பார்த்ததே இல்லை. விரலை வரிக்கு வரி நகர்த்தி, உதடு அசைய, சில இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு படித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை, அப்பாதான் ஓடிப்போய் அணைத்தார்.

படித்து முடித்ததும் அப்பாவிடம் கேட்டாள். "நீங்க கொண்டுபோனது எல்லாம் எவ்வளவு எடை இருந்துச்சுன்னு தெரியுமா?"

அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு சுவரில் இருந்த காலண்டரைத் திருப்பினார். மூன்று நாள் கடத்தலும் பின்பக்கத்தில் கிராம் சுத்தமாகப் பென்சிலில் எழுதியிருந்தது. எதையும் அளக்காமல் வெளியே அனுப்புவது அவர் வேலைக்கு ஆகாதாம்.

"பழசை அடிச்சிட்டு இதை எழுதுட்டி, இன்னைக்கு உள்ளதையும் மறைக்காம எழுது" என்றாள் அம்மா. நான் மாட்டேன் என்று அலறினேன். இரண்டு கிலோ, இரண்டே கால் கிலோ என்று எழுதினால் ஸ்ரவந்தியின் நானூறுக்கு முன்னால் நிற்க முடியுமா? அம்மா டைரியின் கடைசிப் பக்கத்தை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். அங்கே கட்டம் போட்ட தாளில், திங்கள் முதல் ஞாயிறு வரை புள்ளி வைத்துக் கோடு இழுக்கச் சொல்லியிருந்தது. "எம்புட்டுக் குறைச்சலா இருக்குன்னு இவங்க கேக்கல. கோடு எம்புட்டு இறங்குதுன்னுதான் கேக்காங்க. இன்னும் மூணு நாளு கெடக்குல்லா, இறக்கிக் காட்டுதேன்."

அடுத்த மூன்று நாளும் வீட்டில் போர்க்காலம்தான். விரிசல் விட்ட பானையில் ஓட்டை போட்டு, கீழே மண்ணும் காய்ந்த இலையுமாகப் பரப்பி, காய்கறிக் கழிவை அதில் போட்டு, பால்கனியில் வைத்தாள். எப்படிச் செய்வது என்று டைரியில் படம் போட்டிருந்தது. இன்னொருவர் பயன்படுத்துகிற பொருள் குப்பை ஆகாது என்றும் அதில் இருந்தது. உடனே சிரட்டைகளைக் கழுவிக் காயவைத்து, தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் கொண்டுபோனாள். கரி மூட்டுவதற்கு அவருக்கு அது அவ்வளவு தோது. "ஹவ் அம்மா, ரோஜ் லாவ்" என்று, தினமும் கொண்டுவரச் சொல்லி, அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். பால் கவர்கள் கழுவப்பட்டுப் பழைய பேப்பர்க்காரருக்காகக் கொடியில் தொங்கின. மளிகைக் கடையில் கவரை நீட்டியபோதெல்லாம் அம்மா வேண்டாம் என்பதற்கு ஊர்க்காரர்கள் மாதிரியே "நக்கோ, நக்கோ" என்று சொல்லித் துணிப்பையை விரித்தாள். அம்மா வாயிலிருந்து நக்கோ வந்ததில் அண்ணன் மயங்கி விழாத குறை.

ஆனால் அவனுக்கும் துன்ப காலம் வந்தது. பீர்க்கங்காய்த் தோலில் துவையல். வாழைக்காய்த் தோலில் துவையல். சௌசௌத் தோலிலும் துவையல். "ரோஜ் ரோஜ் சில்கே கைக்கு மம்மி?" என்று, தினம் தினம் எதற்குத் தோல் என்று, தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அழாத குறையாகக் கேட்டான். "தின்னுட்டு எந்திரில, கோடு இறங்கணும்" என்றாள் அம்மா. வெள்ளிக்கிழமை எண்ணூறு கிராம். சனிக்கிழமை முந்நூறு. இந்தத் தடவை யார் ஸ்கூட்டரிலும் எதுவும் தொங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மிஸ் வந்தார். டைரியைப் பிரித்ததுமே அடித்து எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு இது என்ன என்றார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அம்மாதான் தமிழும் தெலுங்கும் ஆங்கிலமுமாகக் கலந்து, ஸ்கூட்டர் கொக்கியிலிருந்து கான்டீன் வரைக்கும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மிஸ்ஸுக்குச் சிரித்த சிரிப்பில் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

பிறகு கவரைக் கொக்கியில் மாட்டித் தூக்கினார். முள் அசைந்த மாதிரியே தெரியவில்லை. தட்டிப் பார்த்தார், உதறிப் பார்த்தார். "ஏமண்டி, இதி பனி சேஸ்துந்தா?" என்று சந்தேகத்தோடு கேட்டார். தராசு வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் கைப்பையைக் கழற்றி மாட்டினார். ஸ்பிரிங் தடாலென்று இறங்கியது. மறுபடி எங்கள் கவர். அறுபது கிராம். அதிலும் பாதி அந்தக் கவரின் எடைதான் என்றார் அப்பா.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மிஸ் பால்கனியில் குந்தி உட்கார்ந்து பானையைக் கிளறிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். அம்மா பதில் சொல்லச் சொல்ல அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். எங்கள் மிஸ் ஒருவர் சொல்வதை எழுதிக்கொண்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எதிர்வீட்டுக் கதவு லேசாகத் திறந்து மூடிக்கொண்டது. ஸ்ரவந்தியின் அப்பாவிடமும் கொக்கி வைத்த ஸ்கூட்டர் ஒன்று இருந்தது, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ஆண்டு விழாவில் எங்கள் கோட்டைப் பெரிய சார்ட்டில் வரைந்து மேடையில் மாட்டியிருந்தார்கள். இடது மூலையில் உச்சியில் தொடங்கி, வலது மூலையில் தரையைத் தொட்டது. சிறந்த டைரி என்று மைக்கில் என் பெயர் வந்தது. முதல் முறையாக ஸ்ரவந்தி கீழே உட்கார்ந்து கைதட்ட, நான் மேலே நின்றேன். அடேயப்பா, அந்தச் சுகம்! இதையெல்லாம் எப்படிச் செய்தாய் என்று பிரின்சிபால் மைக்கை என் பக்கம் நீட்டினார். நானே செய்தேன் சார் என்று கூச்சமில்லாமல் சொன்னேன். அரங்கம் முழுக்கக் கைதட்டியது. மூன்றாம் வரிசையில் அம்மா எழுந்து நின்றே தட்டினாள், பக்கத்தில் இருந்தவர்கள் புடவையைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் சான்றிதழை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். என் பெயரை, வகுப்பை, பிரின்சிபால் கையெழுத்தை எல்லாம் விரல் வைத்துப் படித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி முன்பக்கம்.

"ஏட்டி, மார்க்கு எம்புட்டுன்னு போடலையே?"

எனக்கு எரிச்சலாக வந்தது. மேடையேறிப் பரிசே வாங்கிவிட்டேன், இன்னும் இந்த அம்மாவுக்கு என் மார்க் ஆசை விட்டபாடில்லையே என்று நினைத்தேன். "இதுக்கெல்லாம் மார்க் போட மாட்டாங்கம்மா" என்றேன்.

"ஓ, போட மாட்டாங்களா" என்று சொல்லிவிட்டு அம்மா வெளியே பார்க்கத் தொடங்கினாள். அவள் கேட்டது என் மார்க்கை இல்லை என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.