அரிவாள் எழுத்தில் ஒரு பேர்

போன வாரம் திருமலைராயன்பட்டினம் பேருந்தில் ஒருவர் புது ஃபிளெக்ஸ் சுருளை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மண்ணெண்ணெயும் ரப்பரும் கலந்த மாதிரி ஒரு வாடை வருமே, அதுதான். உங்களுக்குத் தலைவலி வரும். எனக்கோ அந்த வாடையில் வயசு மறுபடி இருபதாகிவிட்டது.

அப்போது காரைக்காலில் பாய் ஒருவர் வைத்திருந்த கடையில் கணினியில் பேனர் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். வடிவமைப்பாளர் என்பது நானே வைத்துக்கொண்ட பட்டம்; ஊருக்கு 'பேனர் அடிக்கிற தம்பி'. எங்களிடம் தடித்த எழுத்துரு ஒன்று இருந்தது. நம் எழுத்தில் வளைவுதானே அதிகம்? அதில் வளைவே கிடையாது. 'ழ'கூட முறித்த கம்பி போல் நிற்கும். அரிவாள் எழுத்து என்போம். கபடிப் போட்டி, காதுகுத்து, இறால் கடை எல்லாவற்றுக்கும் அதுதான். படகுப் பேருக்கும் அதுதான். அலையில் ஆடினாலும் தூரத்துப் படகிலிருந்து படித்துவிடலாம். சாவுக்கு மட்டும் தொட மாட்டோம். "மவுத்தான வூட்டுக்கு இது ஆவாதுப்பா, அதட்டுற மாதிரி இருக்கு" என்பார் பாய். கண்ணீர் அஞ்சலிக்கு மெலிந்து வளைந்த எழுத்து தனியாக உண்டு.

காரைக்கால்மேட்டிலிருந்து ஒருநாள் தன் அண்ணன் படத்தோடு ஒருவர் வந்தார். அண்ணன் கலியபெருமாள் கடலில் தவறி விழுந்தவர். படகு திரும்பியது, ஆள் திரும்பவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. தம்பி அஞ்சலிப் பேனர் கேட்டார். பின்னாலேயே கலியபெருமாளின் மனைவி வள்ளியக்கா வந்து மேசையில் கை ஊன்றினார்.

"அஞ்சலின்னு ஒண்ணும் போடாதீங்க தம்பி. பேரு மட்டும் போதும். படகுக்குப் போடுவீங்கல்ல, அந்த எழுத்துல."

"அண்ணி, ஊரு என்ன பேசும்?"

"பேசிட்டுப் போவட்டும். ஒங்க அண்ணன் வந்து படிக்க வேணாமா?"

"அந்தப் புள்ள சொல்றபடியே அடிப்பா" என்றார் பாய்.

நானும் கலியபெருமாளின் தம்பியும் கரையில் சவுக்குக் கம்பு நட்டுக் கட்டினோம். பேனர் என்றால் சாலையைப் பார்த்துத்தானே? கை அப்படியே பழகிவிட்டது.

"ரோட்டுல போறவங்களுக்கா தம்பி இது?" என்றார் அக்கா.

அவிழ்த்துக் கடல் பக்கம் திருப்பினோம். தெருவுக்கு வெறும் வெள்ளை முதுகுதான். "ஒங்க எழுத்து கடலுக்குள்ள ரொம்ப தூரத்துலயே தெரியுதுய்யா" என்று படகுக்காரர்கள் சொன்னபோது பெருமையாக இருந்தது. பெருமைப்படக் கூச்சமாகவும் இருந்தது.

உப்புக்காற்றில் ஃபிளெக்ஸ் எத்தனை நாள் தாங்கும்? வெளுக்க வெளுக்க அக்கா வந்து புதிது வாங்கிப் போவார். பல வருஷம் அப்படி. ஒருமுறை வழக்கம்போல் அந்தக் கோப்பைத் திறந்துவைத்தேன். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த எழுத்து வேணாம் தம்பி. எல்லாருக்கும் போடுவீங்கல்ல, அதுலயே போட்டுக் குடுங்க. வூட்டு வாசல்ல கட்டிக்கிறேன்."

பாய் எழுந்து மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டார். நான் கோப்பை நகலெடுத்து, மெலிந்து வளைந்த எழுத்துக்கு மாற்றினேன்.

பாய் கடை இப்போது இல்லை. கரையில் பேனர் நின்ற இடத்தில் அலையைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அரிவாள் எழுத்து என் புதுக் கணினிக்குத் தெரியவில்லை. அந்தப் பழைய கோப்பைத் திறந்தால் கலியபெருமாள் பேர் இருந்த இடத்தில் வரிசையாக வெறும் கட்டங்கள். அழிக்கத்தான் கை வரவில்லை.