தட்டில் துடித்த ரெத்தினம்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். கனிமொழி பொய் சொல்கிற ஆள் இல்லை. போன ஐப்பசியில், பட்டப்பகலில் அவளுக்கு நடந்தது இது.

தஞ்சாவூருக்கு வெளியே ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. நோயாளியின் ரத்தத்திலிருந்து செல்களை எடுத்து இதயத் தசையாக வளர்ப்பார்கள். மிளகு அளவுதான் இருக்கும். ஆனால் தட்டில் தானாகத் துடிக்கும். அதை வேண்டுமென்றே காயப்படுத்தி, மருந்து விட்டு, தசை திரும்ப வளர்கிறதா என்று பார்ப்பார்கள். மாரடைப்பில் பாதி இதயம் செத்துப்போன தன் அப்பா ரெத்தினத்தின் ரத்தத்திலிருந்தும் அவள் அப்படி ஒரு தசையை வளர்த்தாள். மருந்து வேலை செய்தது. தட்டில் காயம் ஆறத் தொடங்கியது. அப்பாதான் காத்திருக்கவில்லை. பாபநாசத்தில் நடவு வயலில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அன்று மாலையே எரித்துவிட்டார்கள். மறுநாள் காலை பால் தெளிக்கத் தம்பி செழியன் சுடுகாட்டுக்குப் போனான். பெண்கள் அங்கே போகக் கூடாதாம். கனிமொழி பஸ் ஏறி ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டாள். ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. பேசட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் தட்டில் இருக்கும் பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதிது விட வேண்டும். அந்த ரோஸ் நிறத் தண்ணீர்தான் தசைக்குச் சோறு. விடாவிட்டால் செத்துவிடும். அப்பாவில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

வளர்ப்புப் பெட்டியிலிருந்து தட்டை வெளியே எடுத்தாள். துடித்துக்கொண்டிருந்தது. அழுதுவிட்டாள்.

அப்போதுதான் அந்த வாசனை... வறட்டிப் புகை.

சன்னலே இல்லாத அறை அது.

விரல் சுட்டது. தட்டு கொதித்தது. திரவம் வற்றியது. தசை ஓரத்தில் சுருண்டது...

பதறிப்போய்ப் பிப்பெட் குழாயால் புதுத் திரவம் விட்டாள். ஸ்ஸ்ஸ்... தட்டு ஆறியது. தசை மறுபடி துடித்தது.

கொஞ்ச நேரம்தான். மீண்டும் புகை. மீண்டும் சூடு. மீண்டும் விட்டாள்.

மூன்றாவது முறை அவசரத்தில் பாதி மேசையில் கொட்டியது.

போன் அலறியது. செழியன்.

"அக்கா... அப்பா இன்னும் வேகலக்கா."

"என்னடா சொல்ற?"

"மத்ததெல்லாம் சாம்பல். நெஞ்சு மட்டும் அப்படியே கெடக்கு. வறட்டி அடுக்கி மூணு தடவ மூட்டிட்டோம். மூணு தடவயும் நனைஞ்சு அணைஞ்சிடுச்சு."

"மழையாடா அங்க?"

"ஒரு பொட்டு மழை இல்ல. நெஞ்சுக்குள்ளேருந்து ஊறுதுக்கா... ரோஸ் கலர்ல தண்ணி."

அவள் பிப்பெட்டில் ரோஸ் திரவத்தை மறுபடி உறிஞ்சினாள்.

"திரும்ப மூட்டுறாங்கக்கா. இரு..."

தட்டு சுட ஆரம்பித்தது. பிப்பெட் நிறைய திரவம் இருந்தது. விட்டால் அப்பா துடிப்பார்.

கனிமொழி பிப்பெட்டைக் கீழே வைத்தாள்.

தசை சுருண்டது. துடித்துக்கொண்டே சுருண்டது.

அப்புறம் துடிக்கவில்லை.

"தீ பிடிச்சிருச்சுக்கா," என்றான் செழியன்.