பொன்னழகின் பெட்டி

கொத்தமங்கலம் பொன்னழகு 1964-இல் பினாங்கிலிருந்த கணவனிடம் போக, கைக்குழந்தையோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறினாள். கீழ்த்தளத்தில் அடுப்பு மூட்டக் கூடாதென்று ஏறும்போதே எச்சரித்தார்கள். பிள்ளைக்குப் பால் காய்ச்ச வேண்டுமே என்று, சேலைகளுக்கு நடுவே மண்ணெண்ணெய் ஸ்டவ்வை ஒளித்து வைத்திருந்தாள்.

பக்கத்துப் பாயிலிருந்த ஆசியா பீவி பலமுறை போய்வந்தவள்; பெட்டியைத் திறந்தபோது ஸ்டவ்வைக் கண்டுவிட்டாள். "கப்பல்ல தீப்பிடிச்சா ஓட இடமில்ல தாயி. பாலு வேணும்னா சமையக்கட்டுல கேளுங்க, குடுப்பாக," என்றாள். பொன்னழகு பெட்டியை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அந்தமானைத் தாண்டியதும் கடல் பொங்கியது. கப்பல் சாயச் சாயப் பெட்டிகள் சறுக்கி மோதின. மண்ணெண்ணெய் வாடை பரவியது. எங்கிருந்து வருகிறதென்று எல்லோரும் சுற்றிலும் தேடினார்கள். பொன்னழகின் பெட்டியடியிலிருந்து ஈரம் கோடாக ஓடியது. அது போய் நின்ற இடத்தில், குமட்டலில் கிறங்கிக் கிடந்த ஒரு பெரியவர் பீடியை வாயில் வைத்துத் தீப்பெட்டியைத் திறந்தார்.

"கிழிக்காதீக ஐயா! எம் பெட்டிதான் ஒழுகுது!" என்று அலறினாள்.

சிப்பந்திகள் ஓடிவந்து பெட்டியைத் துணிமணிகளோடு கடலில் எறிந்தார்கள். அதன்பின் ஆசியா பீவியைத் தவிர யாரும் அவளருகே படுக்கவில்லை.

"பெட்டி எங்க?" என்றான் துறைமுகத்தில் கணவன்.

"கடல்ல போட்டாக. நாங்க ரெண்டு பேரும் வந்து சேந்துட்டோம்," என்றாள். குழந்தையை அவனிடம் நீட்டினாள்.