கால்குலேட்டர் சொல்லாமல் விட்ட பாதி

அந்த பிஸ்கட் ஆலையில் எல்லோருக்கும் அவள் வயரக்கா. பத்தொன்பது வருடமாக மின்சாரப் பேனல் அறையில் வேலை. எந்த ஸ்விட்ச் எதற்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். பொறுப்பாளர் பதவி மட்டும் அவளிடம் போக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. போன வருடம் அதற்கு வைத்த தேர்வில் மண்ணைக் கவ்வினாள்.

அவள் தோற்ற கதை சிரிப்புக்குரியது. மின்சாரக் கணக்கில் வரும் கலப்பு எண்ணுக்கு இரண்டு பாதி உண்டு. ஒரு பாதி உருப்படியாக வேலை செய்யும். மற்றது மோட்டாருக்குள் சும்மா போய்ப் போய் வரும்; அதன் பக்கத்தில் i என்று போட்டுக்கொள்வார்கள். சும்மாதானே என்று அதைத் தள்ளிவிட முடியாது, கம்பி இரண்டையும்தான் சுமக்கிறது. வயரக்காவின் பழைய கால்குலேட்டரோ, முதல் பாதியை மட்டும் திரையில் காட்டிவிட்டு, மூலையில் கடுகளவு ஒரு குறியைப் போட்டுக் கம்மென்று இருந்துவிடும். மறுபாதி வேண்டுமென்றால் ஷிஃப்டை அழுத்திச் சமக்குறியை அழுத்த வேண்டும். அது அவளுக்குத் தெரியாது. ஐந்து கேள்விக்கும் பாதி விடை எழுதி, முதல் ஆளாக எழுந்து தாளை நீட்டினாள். பாதி விடைக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கும் தாராளம் யாருக்கு இருக்கிறது? முட்டைதான்.

கணவர் தையல்காரர். துணி வெட்டும் மேஜையில் ஒரு ஓரத்தை ஒதுக்கிக் கொடுத்தார். "போனது போகட்டும். நான் கணக்கப் படிக்கிறேன், நீ தட்டு" என்றார். அவர் படிக்க, இவள் தட்ட, புத்தகத்தின் கடைசியில் இருந்த விடை ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. எரிச்சலில் ஒருநாள் விரல் தவறி ஷிஃப்டில் பட்டது. சமக்குறியை அழுத்தினாள். புதிதாக ஓர் எண் எட்டிப் பார்த்தது.

"ஏங்க, இது இன்னும் பேசியே முடிக்கலங்க!"

"உன்ன மாதிரிதான். பாதிய மனசுக்குள்ளயே வெச்சுக்குது" என்றார் அவர், ஊசியில் நூல் கோத்தபடி.

அன்று அவளுக்கு வந்த ஆத்திரமும் சந்தோஷமும் கொஞ்சநஞ்சமல்ல. அதற்குப் பிறகு எந்தக் கணக்கானாலும் இரண்டு பாதியையும் தாளில் எழுதிய பிறகுதான் அடுத்த பொத்தானைத் தொடுவாள்.

இந்த வருடம் மாவு பிசையப் புது மிக்ஸர் வந்தது. ஏற்கெனவே மின்சார அடுப்பு ஓடும் அதே லைனில் அதையும் இணைக்க வேண்டும். மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார்.

"அடுப்பு அம்பது ஆம்பியர், மிக்ஸர் அம்பது ஆம்பியர். மொத்தம் நூறு. தொண்ணூத்தஞ்சுலயே பிரேக்கர் விழுந்து லைன் நின்னுடும். புது கேபிள் வர மூணு வாரம் ஆகும்."

"வேண்டாம் சார், தாங்கும்" என்றாள் வயரக்கா.

"அம்பதும் அம்பதும் நூறு இல்லையாக்கா?"

"ரெண்டும் ஒரே திசையில போனா நூறு. அடுப்பு நேரா போகுது, மிக்ஸர் மோட்டார் கோணலா போகுது."

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, போட்டுப் பாப்போம். ஓடுச்சுன்னா இன்னிலேர்ந்து நீங்கதான் பொறுப்பாளர். விழுந்துச்சுன்னா அந்தப் பேச்சையே விட்டுடணும்."

மிக்ஸர் இழுப்பதில் உருப்படியாக வேலை செய்யும் பங்கை, அதாவது பவர் ஃபேக்டரை, அவள் காலையிலேயே அளந்து வைத்திருந்தாள்: 0.6. கோணம் ஐம்பத்து மூன்று டிகிரி. அடுப்பின் ஐம்பதை நேராகவும் மிக்ஸரின் ஐம்பதை அந்தக் கோணத்திலும் போட்டுக் கூட்டித் தட்டினாள். திரையில் எண்பது.

"எண்பதா? அவ்வளவு கம்மியா?" மேனேஜர் தோள்வழியே எட்டிப் பார்த்தார்.

"அவசரப்படாதீங்க சார், பாதிதான் வந்திருக்கு." ஷிஃப்ட், சமக்குறி. மைனஸ் நாற்பது i. இரண்டையும் எழுதி, கால்குலேட்டரிடம் மொத்த அளவைக் கேட்டாள். 89.4.

"தொண்ணூறத் தொடாது."

மோட்டார் கிளம்பும்போது ஆம்பியர் ஒரு தூக்குத் தூக்கும் என்பதால் முதலில் மிக்ஸரைப் போட்டாள். அது சீராகச் சுற்றிய பிறகு அடுப்பு. கம்பியைக் கவ்விய மீட்டர் ஐம்பதிலிருந்து ஏறி, எண்பத்தொன்பதில் நின்றது. மேனேஜர் பிரேக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. வயரக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. மறைக்கவும் முயலவில்லை, வாயெல்லாம் பல்.

மேனேஜர் சோதனைச் சீட்டையும் பேனாவையும் நீட்டினார். "போடுங்க கையெழுத்து, பொறுப்பாளரே."

அவள் பேனாவை வாங்கிக் காதில் செருகிக்கொண்டாள். "ரெண்டு மணி நேரம் ஓடட்டும் சார். கேபிள் சூட்டப் பாத்துட்டுப் போடறேன்."

"நான்தான் சொல்றேனே!"

"சொல்றது நீங்க சார். கையெழுத்து என்னுது."

ஸ்டூலை இழுத்துப் போட்டு, பேனலுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.