லொறிப் பிஸ்டனில் கடைந்த மூடி

நான் சுலபத்தில் வாயைப் பிளக்கிற ஆள் இல்லை. நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் பதினெட்டு வருஷமாக ஃபிட்டர் வேலை. கொழுந்து அரைக்கிற ரோலர், காய வைக்கிற ட்ரையர், மேல் மாடியில் கொழுந்தை வாட்டுகிற பெரிய ஃபேன்கள் என்று எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நின்றால் திட்டுவேன், ஓடினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். அப்படிப்பட்ட என்னை ஒரு மோட்டார் சைக்கிள் திரும்பத் திரும்ப வாயடைத்து நிற்க வைத்துவிட்டது. அந்தக் கதையில் முட்டாள் யார் என்று கேட்டால், நான்தான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வண்டி என் மச்சினனுடையது. என் மனைவிக்கு ஒரே தம்பி, ஹாலிஎலயில் த்ரீவீல் ஓட்டுகிறான். தாய் தகப்பன் போன பிறகு மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே அவனை ஆளாக்கியவள் என் மனைவி. முப்பது வயதாகப் போகிறது, இன்னமும் அவன் தும்மினால் இவள் கொத்தமல்லி அவிக்கப் போவாள்.

ஒருநாள் அவன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். சீட்டே இல்லாத ஒரு பைக்கில் ஒருவன் நின்றபடி பாறை மேல் ஏறிக்கொண்டிருந்தான். வேகம் என்று ஒன்றும் இல்லை. நம் ஆட்கள் கொழுந்துக் கூடையோடு நடக்கிற வேகம்தான். இதற்குப் பெயர் ட்ரையல்ஸ் என்றான். கல், மரவேர், ஓடை எல்லாவற்றையும் மெதுவாகத் தாண்ட வேண்டும், கால் தரையில் படக் கூடாது. பட்டால் ஒவ்வொரு தடவைக்கும் புள்ளி போகும். என்ஜின் நின்றால் அந்த ஆட்டம் அதோடு முடிந்தது.

"இதுக்கு எதுக்கு மாப்ள பைக்கு? ஒரு ஆட்டுக்குட்டிய வாங்கி விட்டா போதுமே," என்றேன்.

"ஆட்டுக்குட்டிக்கு நீங்க பார்ட்ஸ் கடைஞ்சு குடுப்பீங்களா மச்சான்?" என்றான். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அவன் வாங்கி வந்தது ஒரு பழைய ஜப்பான் பைக். என்ஜின் நல்லது, மற்றதெல்லாம் குப்பை. நடக்கிற வேகத்தில் பாறை ஏற வேண்டுமென்றால் பின் சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்வட்டம், ஸ்ப்ரொக்கெட், பெரிதாக வேண்டும். கால் வைக்கிற மிதி கீழேயும் பின்னாலும் தள்ளிப் போக வேண்டும். டேங்க் ஒல்லியாக இருக்க வேண்டும். இதெல்லாம் பதுளைக் கடைகளில் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து இறக்குவது எங்களுக்கு ஆகிற காரியம் இல்லை. மிச்சம் இருந்தது பெக்டரி வேர்க்‌ஷொப்பில் இருக்கும், இரும்பைச் சுழற்றிக் கடைகிற லேத் மெஷின்.

அது வெள்ளைக்காரன் காலத்து லேத். அங்குலத்தைத் தவிர வேறு கணக்கு அதற்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பகலில் பாவித்துக்கொள்ள பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா அனுமதி கொடுத்தார். "ஸ்க்ரெப் குவியல்ல இருந்து எடுத்தா கேக்க மாட்டேன், ஓடுற மெஷின்ல இருந்து எடுத்தா விட மாட்டேன்," என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்.

முதலில் ஸ்ப்ரொக்கெட். அறுபது பல் வேண்டும். பல் வெட்டுகிற கருவி எங்களிடம் இல்லை. ஒரு கனத்த இரும்புத் தகட்டை வட்டமாகக் கடைந்தேன். அதன் மேல் அதைவிடச் சின்ன வட்டம் ஒன்றைப் பொருத்தி, சுற்றிலும் செயினைக் கட்டினேன். அறுபது கண்ணியும் அந்தச் சின்ன வட்டத்தை அணைத்து, கடைசிக் கண்ணி முதல் கண்ணியோடு சரியாகச் சேர வேண்டும். சேர்ந்தால் கண்ணி உட்கார்ந்த இடங்களில் குறி போட்டுத் துளைத்துப் பல்லாக அராவிவிடலாம். சேரவில்லை. ஒரு மயிரிழை சீவினேன், கட்டிப் பார்த்தேன், சேரவில்லை. மறுபடி சீவினேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சோறு ஆறிக்கொண்டிருந்த நேரம், கடைசிக் கண்ணி தானாகப் போய் முதல் கண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. இடைவெளி இல்லை, இழுவையும் இல்லை. நான் செயினைத் தொடாமல் கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஜப்பான்காரன் வண்டி முழுக்க மில்லிமீட்டரில் செய்திருக்கிறான், ஆனால் அந்தச் செயினின் கண்ணி மட்டும் சரியாக அரை அங்குலம். என் கிழட்டு லேத்துக்குத் தெரிந்த கணக்கு. அவர்கள் இருவரும் எப்போது பேசி வைத்துக்கொண்டார்களோ, எனக்குப் புல்லரித்துவிட்டது.

டேங்கை ஹாலிஎலயில் ஒரு டிங்கரிங்காரர் தகரத்தில் அடித்து ஒட்டிக் கொடுத்தார். அதற்கு மூடியை நான் கடைந்தேன். ஸ்க்ரெப் குவியலில் ஒரு லொறிப் பிஸ்டன் கிடந்தது, வெடிப்பு விழுந்து, புகை பிடித்துக் கன்னங்கரேல் என்று. லேத்தில் மாட்டி முதல் வெட்டுப் போட்டதும் உள்ளே இருந்து வெள்ளி மாதிரி அலுமினியம் வந்தது. எத்தனை வருஷம் நெருப்புக்குள் மேலும் கீழும் ஓடிய பொருள், கறுப்பு ஒரு நகக்கண் ஆழம்தான் போயிருந்தது. மரை வெட்டி, கையில் வழுக்காமல் இருக்க விளிம்பில் வரி போட்டு, மேலே நடுவில் ஒரு ஊசித்துளை போட்டேன். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் இறங்காது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூடிதான் என் பெருமை. பதினெட்டு வருஷமாக நான் செய்ததெல்லாம் மெஷினுக்குள்ளே போய் மறைகிற சாமான். இது வெளியில், எல்லார் கண்ணும் படுகிற இடத்தில் மின்னிக்கொண்டு இருந்தது.

வண்டி ஓடத் தயாரான வாரம் ஆயுத பூஜை வந்தது. பெக்டரி முழுக்கக் கழுவி, ரோலருக்கு மாலை போட்டு, ஸ்பேனர் சுத்தியல் வரைக்கும் பொட்டு வைப்போம். மச்சினன் வண்டியையும் தள்ளிக்கொண்டு வந்து லேத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினான். பூசாரி தேங்காய் உடைத்து, பூசணிக்காய் சுற்றி, சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். நான் வேறு எங்கே வைப்பேன்? மூடியின் நட்ட நடுவில், கட்டைவிரலால் அழுத்தி, நன்றாக அப்பி வைத்தேன். மேலே குங்குமம். மோதிர விரலால் மெல்லத் தொட்டு வைத்திருந்தாலாவது பிழைத்திருக்கும்.

அடுத்த ஞாயிறு எங்கள் தோட்டத்துப் பாறைக்குப் போனோம். நாங்கள் குடியிருக்கிற லயத்துக்கு மேலே ஒரு ஆள் உயரத்துக்கு மூன்று படியாக இருக்கும் கருங்கல். மச்சினன் முதல் படியில் ஏறி நின்றான். நின்றான் என்றால், இரண்டு சக்கரத்தின் மேல், கால் கீழே படாமல், அசையாமல். பைக் ஓடினால்தான் நிற்கும் என்று நினைத்திருந்த எனக்கு மூச்சே நின்றுவிட்டது. நான் கடைந்த மிதியின் மேல் அவனுடைய இரண்டு காலும் இருந்தன. இரண்டாவது படியில் முன்சக்கரம் ஏறிய நேரம் என்ஜின் இருமியது, செத்தது. வண்டியும் அவனும் பின்பக்கமாக வந்தார்கள். மண்ணில் விழுந்ததால் தலை தப்பியது. இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது.

வீட்டில் என் மனைவி அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இங்க பாருங்க. எனக்கு இருக்கிறது ஒரு தம்பி. நீங்க செஞ்ச சாமானால அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது."

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை.

வண்டியை பெக்டரிக்குத் தள்ளிப்போய் மூடியைத் திறந்து பெட்ரோல் பார்த்தேன். இருந்தது. உதைத்தால் உடனே ஸ்டார்ட்டானது, அருமையாக ஓடியது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். ப்ளக் மாற்றினேன். வயர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எல்லாம் சரி. வீக்கம் வடிந்து அவன் வெளியே ஓட்டிப் போனால் பத்து நிமிஷம் ஓடும், பிறகு செத்துவிடும். திரும்பக் கொண்டு வந்து மூடியைத் திறந்து பார்ப்பேன், உடனே உயிர் வரும். என்ஜினைத் திட்டினேன், ஜப்பான்காரனைத் திட்டினேன், டிங்கரிங்காரரை அவர் இல்லாத நேரத்தில் திட்டினேன்.

இப்படி மூன்று ஞாயிறு போனது. பிறகு அவன் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

"மச்சான், ஒங்க வேலையில குத்தம் இல்ல. மேல ஏறுறப்ப எனக்குத்தான் பயம் வருது. முறுக்குன த்ரொட்டில விட்டுர்றேன் போல. வண்டிய வித்துருவோம்."

பயம் அவனுக்கு வருவதை நான் பார்த்ததே இல்லை. என் சாமான் எதிலோ குற்றம் இருக்கிறது, அதற்கு அவன் தன் தைரியத்தைக் குற்றவாளி ஆக்குகிறான். இவன் இப்படியே வண்டியை விற்றால் சாகும்வரை தன்னைப் பயந்தவன் என்றே நினைத்துக்கொண்டிருப்பான்.

ஹாலிஎலக்கு மேலே ஓடைப் பக்கம் பதுளைப் பையன்கள் சிலர் சேர்ந்து ஒரு போட்டி வைத்தார்கள். பெயர் கொடுத்துவிட்டோம், அதற்காக ஒருமுறை ஓட்டிவிட்டு விற்றுவிடலாம் என்றான். என் மனைவியும் வந்தாள். தம்பிக்குக் காவல் என்றாள். வழியில் கோவிலில் வாங்கிய குங்குமப் பொட்டலத்தைக் கைப்பையில் வைத்திருந்தாள்.

அவன் என்ஜினைச் சூடாக்க இரண்டு வட்டம் ஓட்டினான். மூன்றாவது வட்டத்தில், ஓடைக் கரையில், என்ஜின் செத்தது. அவனுக்கு இன்னும் ஐந்து பேருக்குப் பிறகு முறை. "பாத்தீங்களா மச்சான்?" என்று தலையைக் குனிந்துகொண்டான். நான் வழக்கம்போல் பெட்ரோல் பார்க்க மூடியைத் திருகினேன்.

உஸ்ஸ் என்று ஒரு சத்தம். டேங்க் மூச்சை உள்ளே இழுத்தது.

அத்தனை நாளும் அந்த மூடியை நான் திறந்தது வேர்க்‌ஷொப்பில். அங்கே ஞாயிற்றுக்கிழமையும் மேலே ஃபேன்கள் இரைந்துகொண்டே இருக்கும். காற்றுக்கு வழி இல்லை என்று மூடி ஒவ்வொரு தடவையும் என்னிடம் சொல்லித்தான் இருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. ஒரே நொடியில் எல்லாம் விளங்கியது. மூடியைத் திருப்பி வெளிச்சத்துக்குப் பிடித்தேன். மேலே வைத்த பொட்டு எப்போதோ உதிர்ந்து போயிருந்தது. ஆனால் நடுத்துளையில் வெளிச்சம் தெரியவில்லை.

"ஒரு ஊக்கு குடு," என்று மனைவியிடம் கேட்டேன்.

சேலையில் இருந்து கழற்றிக் கொடுத்தாள். குத்தினேன். அரிசிக் குறுணை அளவுக்கு மஞ்சளாக ஒன்று என் உள்ளங்கையில் விழுந்தது. முகர்ந்து பார்த்தேன். பெட்ரோலுக்கு நடுவிலும் சந்தனம் மணத்தது.

இந்த இரும்பு, அறுபது பல், நெருப்பு, ஒரு ஆளின் உயிர், எல்லாம் அந்த ஊசித்துளை வழியாகப் போகிற காற்றை நம்பி இருந்திருக்கிறது. அதை என் பக்தியால், என் கட்டைவிரலால், நானே அடைத்திருக்கிறேன். பேசாமல் துடைத்துவிட்டு இருக்கலாம்தான். உள்ளங்கையை அப்படியே அவனிடம் நீட்டினேன்.

"மாப்ள, ஒனக்குப் பயமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் வச்ச பொட்டு ஓட்டைய அடைச்சிருச்சு. ஒன்னைய தள்ளிவிட்டது நான்தான்."

அவன் அந்தத் துணுக்கை விரலால் புரட்டிப் பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது.

"அப்ப நான் த்ரொட்டில விடலயா மச்சான்?"

"விடலடா," என்றேன். மூடியைத் திருகிப் பூட்டி வண்டியை அவன் கையில் கொடுத்தேன்.

அவன் முறை வந்தது. ஓடையில் இறங்கினான், தண்ணீருக்குள் உருளைக்கற்கள் மேல் சக்கரம் தடவித் தடவிப் போனது. அக்கரைப் பாறை எங்கள் தோட்டத்துப் பாறையைவிட உயரம். அடியில் போய் நின்றான். அசையாமல் நின்றான். நான் மூன்று மூச்சு எண்ணினேன். அந்த நேரம் எனக்கு அவன் தெரியவில்லை, மூடிதான் தெரிந்தது, வெயிலில் மின்னிக்கொண்டு. பிறகு முன்சக்கரம் எழுந்தது, பின்சக்கரம் கல்லைக் கவ்வியது, வண்டி தன் பாட்டில் மேலே நடந்து போனது. பாதியில் ஒரு கால் தரையில் பட்டது, உச்சியில் இன்னொரு தடவை பட்டது. என்ஜின் நிற்கவில்லை. கடைசி வரைக்கும் நிற்கவில்லை. நான் வாயைத் திறந்தபடி நின்றதை அன்றைக்கு எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

அவனைவிட நன்றாக ஓட்டியவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவன் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. வண்டியை விற்கிற பேச்சையும் அதன் பிறகு எடுக்கவில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நிறுத்தியதும் என் மனைவி அவன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து குங்குமப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"எங்க வைக்கணும்? ஓட்டை இல்லாத எடமாப் பாத்துச் சொல்லுங்க."

நான் வண்டியை மேலும் கீழும் பார்த்தேன். சத்தியமாக எந்த இடத்தைக் காட்டவும் எனக்குத் துணிவு வரவில்லை. அவள் என் வலது கையைப் பிடித்து இழுத்து, கிரீஸ் படிந்த கட்டைவிரலைச் சேலை முந்தானையால் துடைத்து, நகத்துக்குக் கீழே பொட்டு வைத்தாள்.

"இதுல ஓட்டை இல்லதானே," என்றாள். "சரி, நடங்க. வீட்டுக்குப் போவோம்."