மாரியக்கா கொண்டுவந்த புழுக்கள்

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது நடந்தது இது. குப்பைமேனி இலைச்சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள்கள் தயாரித்து, ஆட்டு வயிற்றுப் புழுக்களின் மேல் சோதித்துக்கொண்டிருந்தேன். இலை பறித்துத் தந்தவர் மம்சாபுரத்தில் ஆடு வளர்க்கும் மாரியக்கா. ஒருநாள், கண்ணாடித் தட்டில் புழுக்கள் துடிப்படங்கிச் சாவதை அவருக்குப் பெருமையாகக் காட்டினேன்.

தட்டின் மேல் குனிந்து பார்த்தார்.

"என் ஆட்டுக்கு வயித்துல புழு முத்தி, தாடையில நீர் கோத்துக் கெடக்கு டீச்சர். ஆஸ்பத்திரி மருந்துக்கும் புழு சாகல. இதுல ஒரு மூடி தாங்களேன்."

"ஆட்டுக்குள்ள போனா இது என்ன செய்யும்னு இன்னும் தெரியாதுக்கா. ஈரலைக் கெடுத்துட்டா? கொடுக்க அனுமதியும் இல்ல."

"சாகப்போற ஆட்டுக்கு இனி என்ன கெடப்போகுது?"

கையிலிருந்த மருந்துக் குப்பியை மூடினேன். அவர் அந்த மூடியையே பார்த்தார்.

அடுத்த வாரம் தூக்குவாளியோடு வந்தார். உள்ளே புழுக்கள் நெளிந்தன.

"ஆடு போயிருச்சு. உப்புத் தண்ணியில போட்டா புழு உசிரோட இருக்கும்னீகள்ல? கசாப்புக்கடையில புழுவுக்கு அலையுதீகளேன்னு, வயித்தை அறுத்து எடுத்தாந்தேன்."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

அவர் போன பிறகு, அந்தப் புழுக்களின் மேல் மருந்தை ஊற்றினேன். என் மருந்து தோற்றுப்போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்று மட்டும்தான்.

மதியத்துக்குள் ஒன்றுவிடாமல் செத்துக் கிடந்தன.