தேங்காய்ச் சில்லுப் பற்கள்

இடைவேளை முடிந்த ஏழாவது நிமிடத்தில் அந்தக் காட்சி வந்தது. படம் பார்க்கும்போது கடிகாரத்தையும் பார்ப்பது என் கெட்ட பழக்கம். பெண் பார்க்கும் இடம். தலைகுனிந்து காபித் தட்டோடு வருகிற பெண் மெல்ல நிமிர்ந்து சிரிக்கிறாள். முன்பற்கள் இரண்டும் உதட்டைத் தாண்டி நிற்கின்றன. மாப்பிள்ளையாக வந்த நகைச்சுவை நடிகர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுகிறார். பழைய படம் ஒன்றை மறுபடி எடுத்திருக்கிறார்கள்; அதில் இருந்த அதே தட்டு, அதே நாற்காலி. பற்கள் மட்டும் இன்னும் நீளம். என் பக்கத்தில் சித்தி உட்கார்ந்திருந்தார். நான் திரையை விட்டுவிட்டு மடியிலிருந்த பாப்கார்னைப் பார்த்தேன். அதிலிருந்து தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. எனக்கு அந்த வாசனையும் ஆகாது, காரணத்தைச் சொல்கிறேன்.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. எனக்கு ஒன்பது வயதானபோது, கல்யாணத்துக்கு முன், தருமபுரத்தில் எங்கள் வீட்டில் தங்கி ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்த்தார். மாலையில் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே டிவியைப் போட்டுவிடுவார். நாள் முழுவதும் நகைச்சுவைக் காட்சிகளாகவே ஒளிபரப்பும் சேனல் ஒன்று இருந்தது. அந்தப் பழைய படத்தின் பெண் பார்க்கும் காட்சி உட்பட எல்லாம் பத்துமுறை பார்த்தவை. "இருடி, இப்ப விழுவான் பாரு" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, விழுந்ததும் புதிதாகச் சிரிப்பார். முதலில் பெருஞ்சத்தம், பிறகு சத்தமே இல்லாத ஓர் இழுப்பு, கடைசியில் பக்கத்தில் இருப்பவரின் தொடையில் ஓர் அடி. பக்கத்தில் இருப்பவள் பெரும்பாலும் நான். சுவருக்கு அப்பால் இருந்த பக்கத்துவீட்டு அக்கா சித்தியின் சிரிப்பைக் கேட்டுத்தான் தன் வீட்டில் சேனல் மாற்றுவார்.

சித்திக்கு முன்பற்கள் இரண்டும் சற்று வெளியே நீண்டிருக்கும். இதைத் தனியாக எழுத வேண்டியிருப்பதே எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு அது தெரியவே தெரியாது. சித்தியின் முகம் என்றால் அதுதான்.

அந்த வருட மாங்கனித் திருவிழாவுக்கு வீடு நிறைய உறவினர்கள் வந்திருந்தார்கள். சாமி ஊர்வலத்தில் வீதியில் வீசிய மாம்பழங்களைப் பிடித்துவந்து கூடத்தில் குவித்திருந்தார்கள். யாருடைய பழம் பெரியது என்று மாமாக்களுக்குள் சண்டை. அம்மா சட்னிக்குத் தேங்காய் கீறிக்கொண்டிருந்தார். நான் ஒரு சில்லை எடுத்து, கத்தியால் இரண்டு பற்களாக நறுக்கி, மேலுதட்டுக்குள் செருகிக்கொண்டேன். காபித் தட்டை ஏந்தினேன். கூடத்துக்கு வந்தேன். தலைகுனிந்தேன். ஐந்து எண்ணினேன்; அந்த வயதிலேயே எண்ணும் பழக்கம். நிமிர்ந்து சிரித்தேன்.

பெரிய மாமா நாற்காலியோடு சாய்ந்து காட்டினார். கூடமே அதிர்ந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒரு அத்தை சொன்னார்: "அப்படியே அவ சித்தியாட்டமே இருக்கா பாரேன்."

நான் படத்தைத்தான் நடித்தேன். அதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் சித்தி பக்கம் திரும்பினார்கள். சித்தியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பாதிச் சிரிப்பில் அவருடைய வலது கை எழுந்து வாயை மூடிக்கொண்டது. "நல்லா பண்ணுனடி" என்று சொல்லி, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இரண்டு வாரம் கழித்துப் பக்கத்துவீட்டு அக்கா சுவருக்கு மேலாக எட்டிப்பார்த்து அம்மாவிடம் கேட்டார்: "என்னக்கா, ஒங்க டிவி ரிப்பேரா? சத்தத்தையே காணோம்."

இப்போது நான் முதுகலை இலக்கியம் படிக்கிறேன். அந்தப் படத்தை மறுபடி எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்ததும் வகுப்பில் இரண்டு கட்சிகள் உருவாயின. இந்தக் காலத்தில் எதற்கும் சிரிக்க விடமாட்டேன் என்கிறார்கள் என்று ஒரு கட்சி. பழைய நகைச்சுவை மொத்தத்தையும் புதைத்துவிட வேண்டும் என்று மற்றொன்று. இரண்டும் எனக்குச் சலிப்பூட்டின. வீட்டுக்கு வந்து பழைய காட்சியைக் கடிகாரத்தோடு பார்த்தேன். மொத்தம் நான்கு நிமிடம். கால் ஆடும் நாற்காலியில் உட்கார அந்த நடிகர் படும் பாடு, தரகரின் பீற்றல், யாரும் கவனிக்காதபோது பஜ்ஜித் தட்டைக் காலிசெய்யும் தாத்தா என்று மூன்றேமுக்கால் நிமிடம் ஓடுகிறது. சிரிப்பு முழுவதும் அங்கே இருக்கிறது. பற்கள் வருவது கடைசிப் பதினைந்து விநாடி. அவை இல்லாமலேயே அந்த நாற்காலி விழுந்திருக்கும்.

'இன்றைய பார்வையில் மாற்றியிருக்கிறோம்' என்று புதிய படத்தின் இயக்குநர் ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் கல்யாணமாகி நெரவியில் இருக்கும் சித்தியை வரச்சொன்னேன். பதினான்கு வருடமாக என் வாயில் வராத மன்னிப்பைத் திரையில் யாரோ கேட்டுவிடுவார்கள் என்ற நப்பாசை. வந்தது நாற்பது விநாடிக் காட்சி. தரகர் இல்லை, தாத்தா இல்லை, நாற்காலிக்கு நான்கு கால்களும் ஒழுங்காக இருந்தன. பற்களை மட்டும் மூன்றுமுறை, விசில் சத்தத்தோடு, நெருக்கத்தில் காட்டினார்கள். தூக்கிப்போட வேண்டியதை வைத்துக்கொண்டு, வைத்துக்கொள்ள வேண்டியதைத் தூக்கிப்போட்டிருந்தார்கள். பழைய பாணி இன்று பொருந்துமா என்று கேட்கிறார்கள். பாணியை எவர் எடுத்துப் பார்த்தார்? பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். சித்தியிடமிருந்து சத்தமே இல்லை.

படம் விட்டு நெரவி பஸ்ஸுக்காக நின்றோம்.

"சித்தி, அன்னிக்கு மாங்கனி அப்ப நான்..."

"தேங்காப் பல்லா?" என்றார், ரோட்டைப் பார்த்தபடியே.

மறந்திருப்பார் என்று நினைத்தே இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

"நான் உங்கள நெனச்சுப் பண்ணல சித்தி."

"தெரியும்டி. இன்னிக்குப் பார்த்ததுக்கு நீ பண்ணுனதே தேவலாம். அவசரப்படாம நிமுந்த."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சின்னதாக, சத்தமில்லாமல். என் தொடையில் அடி விழவில்லை. மூன்று வருடத்துக்கு முன் பல் மருத்துவரிடம் போய் அந்த இரண்டு பற்களையும் எடுத்துவிட்டு, வரிசையான புதுப் பற்களைக் கட்டிக்கொண்டவர் சித்தி. அவற்றை மறைப்பதற்கும் வலது கை எழுந்து வந்தது. பஸ் வந்து, கம்பியைப் பிடிக்க வேண்டிவந்த பிறகுதான் அது வாயிலிருந்து இறங்கியது.